பள்ளி நூலகத்துக்கு நிதி திரட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுப் பள்ளியில் நூலகம் வைக்கப் பணம் தேடும் தலைமையாசிரியர்கள், பெற்றோர், பழைய மாணவர்கள் ஆகியோருடன் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக்கொடுப்பது என் வழக்கம். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை அவரவர் கேட்ட வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியவை. தொகைகளும் விதிகளும் அரசாணைக்கு ஏற்ப மாறக்கூடியவை என்பதால், பணம் கைமாறும் முன் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எங்க ஊரு ஸ்கூலுக்கு ஒரு லைப்ரரி வேணும். முதல்ல யார்கிட்ட போய் நிக்கணும்?

வெளியே யாரிடமும் வேண்டாம். முதலில் பள்ளிக்குள் பாருங்கள். பல அரசுப் பள்ளிகளில் புத்தகம் இருக்கிறது. ஆனால் பூட்டிய பீரோவில் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, பீரோவைத் திறந்து, பொறுமையாக எண்ணுங்கள். மொத்தம் எத்தனை, அதில் கதைப்புத்தகம் எத்தனை, தமிழ் எத்தனை, ஆங்கிலம் எத்தனை, செல்லரித்தது எத்தனை, கடைசியாக ஒரு மாணவருக்குப் புத்தகம் வழங்கியதாகப் பதிவேட்டில் உள்ள தேதி எது. இந்த விவரம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

அந்த ஒரு பக்கம் இல்லாமல் எங்கும் விண்ணப்பிக்காதீர்கள். பணம் தருகிறவர் முதலில் கேட்கப்போவது “இப்போது என்ன இருக்கிறது?” என்றுதான். அடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நூலகம் வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009 இந்தக் குழுவிடம்தான் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். அந்தத் திட்டத்தில் ‘நூலகம்’ என்று ஒரு வரி ஏறிவிட்டால், பின்னால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் அது ஆதாரம்.

2. லைப்ரரிக்குக் கவர்மெண்டே பணம் தருதுன்னு சொல்றாங்களே, நிஜமா சார்?

நிஜம். 2018-இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா என்கிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டு நூலக மானியம் உண்டு. பள்ளியின் நிலையைப் பொறுத்து ₹5,000 முதல் ₹20,000 வரை. தொடக்கப் பள்ளிக்குக் குறைவு, மேலே போகப் போகக் கூடும்.

இது தவிர, மாணவர் எண்ணிக்கையை வைத்து ₹10,000 முதல் ₹1,00,000 வரை ஒருங்கிணைந்த பள்ளி மானியம் வருகிறது. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். சாக்பீஸ், மின்கட்டணம், சில்லறைப் பழுது எல்லாம் அதிலேயே முடிய வேண்டும் என்பதால் நூலகத்துக்கு மிஞ்சுவது குறைவுதான். ஆனாலும் ஒரு அலமாரியைச் சரிசெய்யவோ பாய் வாங்கவோ குழு தீர்மானித்தால் வழி உண்டு. ஒன்றை நினைவில் வையுங்கள்: ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப்புத்தகம் உள்ளிட்ட நூல்கள் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. நூலகம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

3. அந்தப் பணம் எங்க ஸ்கூலுக்கு வந்த மாதிரியே தெரியலையே?

பணமாக வராமல் புத்தகமாக வந்திருக்கலாம். மாநில அளவில் மொத்தமாக வாங்கிப் பள்ளிகளுக்கு அனுப்புவதும் உண்டு. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் வாசிப்பு இயக்கத்தின் ‘நுழை, நட, ஓடு, பற’ வரிசைச் சிறு நூல்களும், ஊஞ்சல், தேன்சிட்டு என்ற சிறார் இதழ்களும் பள்ளிக்கு வந்து, கட்டுப் பிரிக்காமல் கிடப்பதும் உண்டு. குறை சொல்லும் தொனி இல்லாமல் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள்: “டீச்சர், இந்த வருஷம் நூலக மானியம் பணமா வந்துச்சா, புக்கா வந்துச்சா? இருப்புப் பதிவேட்டுல ஏத்தியாச்சா?” வரவு செலவைப் பார்க்கும் உரிமை குழு உறுப்பினருக்கு உண்டு. தலைமையாசிரியருக்கே தெளிவாகத் தெரியவில்லை என்றால் வட்டார வள மையத்தில் சொல்வார்கள்.

4. எங்களது அரசு உதவி பெறும் பள்ளி. எங்களுக்கும் இதே வழிதானா?

இல்லை. மேலே சொன்ன மானியங்கள் அரசுப் பள்ளிகளை மையமாகக் கொண்டவை. உதவி பெறும் பள்ளிகளில் மேலாண்மைக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் பங்கு மட்டுமே சட்டத்தில் உள்ளது. பணப் பொறுப்பு நிர்வாகத்துடையது. ஆனால் உங்களுக்கு வேறொரு வசதி இருக்கிறது. பள்ளியை நடத்தும் அறக்கட்டளையோ சங்கமோ வருமான வரித்துறையில் பதிவு பெற்றிருந்தால், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை நேரடியாகவே கேட்கலாம். 9, 14 ஆகிய பதில்களைப் பாருங்கள்.

5. வீட்டு வரியோட நூலக வரியும் கட்டுறோம். அதுலேருந்து ஸ்கூல் லைப்ரரிக்கு வாங்க முடியாதா?

நியாயமான கேள்வி, நிறைய பேர் கேட்கிறார்கள். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம், இந்தியாவில் இவ்வகையில் முன்னோடி. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டார். சொத்து வரியோடு சேர்த்து வாங்கும் நூலக வரி, அந்தச் சட்டப்படி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் ஆகியவை அதில் நடக்கின்றன. பள்ளி நூலகம் அந்த வரம்புக்குள் வராது.

கொல்கத்தாவில் இருந்து 1972 முதல் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளைக்கும் இதே பதில்தான். அது பொது நூலகங்களுக்குக் கைகொடுக்கும் மத்திய அமைப்பு. பள்ளிச் சுவருக்குள் இருக்கும் அறைக்கு அங்கே விண்ணப்பித்துக் காலத்தை வீணாக்க வேண்டாம். அதற்குப் பதில் பக்கத்துக் கிளை நூலகரைப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளை உறுப்பினராகச் சேர்க்கவும், வகுப்பு வகுப்பாக அழைத்துச் செல்லவும் ஏற்பாடு செய்ய முடியும். பைசா செலவில்லாமல் பிள்ளைகள் கைக்குப் புத்தகம் வரும் வழி இது. ‘கிளை நூலகத்தோடு இணைந்து செயல்படுகிறோம்’ என்று விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதவும் உதவும்.

6. எம்.எல்.ஏ. கிட்ட மனு கொடுத்தா வேலை நடக்குமாண்ணே?

எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி தொகுதிக்கு ஆண்டுக்கு ₹3 கோடி. நாடாளுமன்ற உறுப்பினர் நிதி ஆண்டுக்கு ₹5 கோடி. இரண்டுமே கட்டடம், கூரை போன்ற நிலையான சொத்துக்கு ஏற்றவை. உறுப்பினர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் மதிப்பீடு போட்டு, அனுமதி வழங்கி, வேலையைச் செய்யும். பணம் பள்ளிக் கணக்குக்கு வராது. ஆகவே நூலக அறை வேண்டும் என்றால் இந்த வழி. அறைக்குள் வைக்கும் புத்தகத்துக்கு வேறு வழி. மனுவோடு மேலாண்மைக் குழுத் தீர்மானம், இடம் பள்ளிக்கே சொந்தம் என்பதற்கான ஆவணம், மாணவர் எண்ணிக்கை மூன்றையும் இணையுங்கள்.

ஊர்க்காரர்கள் பங்கு போடத் தயாராக இருந்தால் ‘நமக்கு நாமே’ திட்டமும் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மக்கள் செலுத்தினால் மீதியை அரசு போடும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

7. புது ரூம் கட்டினாத்தானே லைப்ரரி? ரூம் இல்லாம எதைக் கேக்கறது?

அறைக்காகக் காத்திருந்து, நான்காம் வகுப்புப் பிள்ளை எட்டாம் வகுப்பு முடித்துப் போய்விட்டதைப் பார்த்திருக்கிறேன். வகுப்பறை மூலையில் திறந்த தட்டு அலமாரி ஒன்று, அட்டைப்படம் தெரியும்படி கயிற்றில் தொங்கவிட்ட புத்தகங்கள், கீழே ஒரு பாய் என்று தொடங்கலாம். சிறிய தொகை கேட்பவருக்குச் சீக்கிரம் கிடைக்கும். அது ஓராண்டு ஓடினால், அறை கேட்கும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

8. ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ன்னு ஒண்ணு இருக்காமே, அது என்ன?

2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டம். அரசுப் பள்ளிகளின் தேவைகளை ஒரு இணையதளத்தில் பதிவு செய்ய, நிறுவனங்களும் பழைய மாணவர்களும் பொதுமக்களும் பார்த்து உதவலாம். தொழிலதிபர் வேணு சீனிவாசன் அதன் தலைவராகவும், சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் நல்லெண்ணத் தூதராகவும் அறிவிக்கப்பட்டார்கள். முறையான வாசல் இதுதான் என்பதால் பெரிய நிறுவனங்கள் இதையே விரும்புகின்றன.

ஆனால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தால் போதாது. தமிழ்நாட்டில் 37,000-க்கும் மேல் அரசுப் பள்ளிகள். உங்கள் பள்ளியைத் தானாகக் கண்டுபிடித்து யாரும் வரமாட்டார்கள். தேவையைத் தலைமையாசிரியர் மூலம் பதிவு செய்துவிட்டு, கொடுக்கக் கூடியவரை நீங்கள் தேடிப்பிடித்து, “எங்கள் பள்ளி இந்தப் பதினொரு இலக்க யுடைஸ் எண்ணில் இருக்கிறது, பாருங்கள்” என்று கைபிடித்துக் காட்ட வேண்டும். யுடைஸ் என்பது ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள அடையாள எண்.

9. சி.எஸ்.ஆர். நிதின்னா எல்லாக் கம்பெனியும் தருமா? எந்தக் கம்பெனியைத் தேடுறது?

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைத்தான் சுருக்கமாக சி.எஸ்.ஆர். என்கிறார்கள். எல்லாக் கம்பெனிக்கும் கட்டாயம் இல்லை. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவுப்படி நிகர மதிப்பு ₹500 கோடி, விற்றுமுதல் ₹1,000 கோடி, நிகர லாபம் ₹5 கோடி என்ற மூன்று வரம்பில் ஏதேனும் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் உண்டு. தொழில் நடக்கும் இடத்தைச் சுற்றிய பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

அதனால் சென்னைத் தலைமையகத்துக்கு எழுதுவதற்கு முன் உங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். நூற்பாலை, சிமெண்ட் ஆலை, சர்க்கரை ஆலை, காற்றாலை, வங்கி, வாகன உதிரிபாகத் தொழிற்சாலை என்று ஏதாவது இருக்கும். அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் சமூகப் பொறுப்புச் செலவின் பட்டியல் அச்சாகியிருக்கும். போன ஆண்டு எந்த மாவட்டத்தில், எதற்கு, எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைப் படித்துவிட்டு எழுதுங்கள். பள்ளிக்கே பணம் தராதவர்களிடம் நூலகம் கேட்பதை விட, ஏற்கெனவே வகுப்பறை கட்டிக்கொடுத்தவர்களிடம் “அந்த வகுப்பறைப் பிள்ளைகளுக்குப் புத்தகம்” என்று கேட்பது எளிது.

பல கம்பெனிகள் தாங்களே செய்யாமல் தொண்டு நிறுவனம் வழியாகச் செய்யும். அப்படிச் செயல்படுத்தும் அமைப்பு 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்-1 என்ற பதிவை வைத்திருப்பது கட்டாயம். உங்கள் சங்கத்துக்கு அது இல்லையென்றால் வருத்தப்பட வேண்டாம். பதிவு உள்ள அமைப்பு ஒன்றோடு சேர்ந்து விண்ணப்பியுங்கள்.

10. எந்த மாசத்துல எழுதினா நல்லது?

கம்பெனிகளின் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. அடுத்த ஆண்டுக்கான செயல்திட்டத்தை இயக்குநர் குழு ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆகவே பெரிய தொகைக்குப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விண்ணப்பம் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறந்தபின் எழுதினால் “திட்டம் முடிவாகிவிட்டது” என்ற பதில் வரும். சிறு தொகைக்கு டிசம்பர், ஜனவரியிலும் முயலலாம். செலவாகாமல் மிஞ்சியதை முடிக்கப் பார்ப்பார்கள். அப்போது விலைப்புள்ளி உட்பட எல்லாம் தயாராக வைத்திருப்பவருக்குத்தான் கிடைக்கும்.

11. விண்ணப்பத்துல என்னதான் எழுதணும் சார்? ஒரு மாதிரி கொடுங்களேன்.

நான் படித்த விண்ணப்பங்களில் பெரும்பகுதி ஒரே மாதிரி: கல்வியின் சிறப்பு பற்றி ஒரு பக்கம், ஒரு குறள், பள்ளியின் வரலாறு, கடைசியில் “ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்”. படிப்பவருக்கு இதில் முடிவெடுக்க எதுவும் இல்லை. பணம் தருகிறவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஐந்தாறு விஷயங்கள்தான். யார் படிக்கப்போகிறார்கள், இப்போது என்ன இருக்கிறது, என்ன வாங்குவீர்கள், எவ்வளவு, யார் பொறுப்பு, படித்தார்கள் என்று எதை வைத்துத் தெரியும். இவற்றில் எல்லோரும் விட்டுவிடுவது ‘யார் பொறுப்பு’ என்பதை. எந்த நாளில், எந்தப் பாடவேளையில், யார் அலமாரியைத் திறந்து, எந்த வகுப்புக்குப் புத்தகம் தருவார் என்று எழுதிவிட்டால் உங்கள் விண்ணப்பம் மற்றவற்றிலிருந்து தனியாகத் தெரியும். அதை எழுத முடியவில்லை என்றால் இன்னும் பணம் கேட்கும் நேரம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கற்பனைப் பள்ளிக்கு இப்படி எழுதலாம்: “எங்கள் நடுநிலைப் பள்ளியில் 120 பேர் படிக்கிறார்கள். இருப்புப் பதிவேட்டில் 310 புத்தகங்கள். அதில் பிள்ளைகள் படிக்கத்தக்க கதைப்புத்தகம் 64. நான்கு முதல் எட்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு நூலகப் பாடவேளை அட்டவணையில் உள்ளது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியை பொறுப்பேற்றிருக்கிறார். எட்டாம் வகுப்பு மாணவர் நால்வர் வழங்கல் பதிவேட்டைப் பராமரிப்பார்கள். செவ்வாய், வியாழன் மாலைகளில் பெற்றோர் ஒருவர் வந்து கதை வாசிப்பார். 400 புத்தகங்களும் இரண்டு திறந்த அலமாரிகளும் கேட்கிறோம். ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் வழங்கல் பதிவேட்டின் சுருக்கத்தை அனுப்புவோம்.” இவ்வளவு போதும். இத்துடன் பட்ஜெட், தீர்மான நகல், வங்கிக் கணக்கு விவரம், யுடைஸ் எண், இரண்டு புகைப்படம். மொத்தம் மூன்று பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

12. எவ்வளவு கேக்கறதுன்னே தெரியல. குறைச்சுக் கேட்டா சீக்கிரம் கிடைக்குமா?

குறைத்தும் வேண்டாம், கூட்டியும் வேண்டாம். கணக்குப் போட்டுக் கேளுங்கள். மேலே சொன்ன பள்ளியையே எடுத்துக்கொள்வோம். புத்தகம் சராசரி ₹90 என்றால் 400-க்கு ₹36,000. அலமாரி ஒன்று ₹6,500 வீதம் இரண்டு, 18 சதவீத ஜிஎஸ்டியோடு ₹15,340. பாய் ₹3,000. பதிவேடு, லேபிள், பைண்டிங் ₹2,500. இரண்டாம் ஆண்டுப் புத்தகங்களுக்கு ₹9,000. ஆக மொத்தம் ₹65,840. இவை எடுத்துக்காட்டு விலைகள். உங்கள் ஊர்க் கடைகளில் மூன்று விலைப்புள்ளி வாங்கிப் போடுங்கள்.

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அலமாரிக்கு உண்டு. இதைக் கவனிக்காத பட்ஜெட்டைக் கணக்கர் திருப்பி அனுப்புவார். ‘இதர செலவு’ என்று ஒரு வரி போட்டு அதில் ஐயாயிரத்தைத் தள்ளாதீர்கள். இரண்டாம் ஆண்டுப் புத்தகத்தை மட்டும் எக்காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். நன்றாக நடக்கும் நூலகத்தில் முதல் ஆண்டு முடிவதற்குள் ஆர்வமுள்ள பிள்ளைகள் எல்லாவற்றையும் படித்துவிடுவார்கள். புதிதாக எதுவும் வராவிட்டால் அலமாரிப் பக்கம் வருவதை நிறுத்திவிடுவார்கள்.

13. பணத்தை எச்.எம். அக்கவுண்ட்ல போடச் சொல்லலாமா? அவசரத்துக்கு ஜிபே?

கூடவே கூடாது. எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் தனிநபர் கணக்கில் நன்கொடை வாங்கினால் பின்னால் அவருக்குத்தான் தொல்லை. பள்ளி மேலாண்மைக் குழு அல்லது பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கணக்கில் மட்டும் வாங்குங்கள். வாங்கும் முன் தீர்மானம், வாங்கியதும் ரசீது, செலவிடும் முன் மீண்டும் தீர்மானம். மேலாண்மைக் குழுவின் அரசு நிதிக் கணக்கில் வெளி நன்கொடையைச் சேர்க்கலாமா என்பதை வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. அரசு நிதிக்கென ஒற்றைக் கணக்கு முறை வந்தபின் பல பள்ளிகளில் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

14. நன்கொடை கொடுக்கறவர் 80ஜி ரசீது கேக்கறார். எங்க ஸ்கூல் தரலாமா?

80ஜி என்பது நன்கொடை தருகிறவருக்கு வருமான வரிச் சலுகை தரும் பிரிவு. மேலாண்மைக் குழுவோ பெற்றோர் ஆசிரியர் கழகமோ அதற்கான பதிவைத் தனியாக வாங்கியிருந்தால் ஒழிய, தர முடியாது. வெறும் ரசீதில் ‘80ஜி’ என்று எழுதிக் கொடுப்பது தவறு. பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாக வாங்கினால் அவர்கள் முறைப்படி 10பிஇ என்ற நன்கொடைச் சான்று தருவார்கள்.

நன்கொடையாளரிடம் மூன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ₹2,000-க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் இந்தச் சலுகை இல்லை. புத்தகமாக, பொருளாகத் தந்தால் இல்லை. புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தவருக்கும் இல்லை. பலர் புதிய முறைக்கு மாறிவிட்டதால் பாதிப்பேருக்கு இந்தக் கேள்வியே தேவைப்படாது. முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

15. சிங்கப்பூர்ல இருக்கற எங்க பேட்ச் ஆளுங்க அனுப்பறேங்கறாங்க. வாங்கலாமா?

அவர் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடிமகன் ஆகிவிட்டவர், அவர் நம் தெருவில் பிறந்தவராகவே இருந்தாலும், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டு மூலம்தான். அந்தப் பணத்தை வாங்க 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் பதிவு பெற்றவர்களும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வாங்க முடியும். பள்ளிக் குழுவால் ஆகிற காரியமில்லை.

அவர் பணத்தை இந்தியாவிலுள்ள நண்பருக்கு அனுப்பி, நண்பர் பள்ளிக்குத் தருவதாகச் சொல்வார்கள். அதையும் தவிர்த்துவிடுங்கள். பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்பினாலும் அதே சட்டம் பொருந்தும். அவருக்கு மனம் இருந்தால், பதிவு உள்ள அமைப்பு வழியாக உங்கள் பள்ளியைக் குறிப்பிட்டுத் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் விடுமுறையில் ஊருக்கு வரும்போது பிள்ளைகளோடு ஒரு மதியம் உட்கார்ந்து கதை வாசிக்கச் சொல்லுங்கள். அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம், தலைமையாசிரியர் சம்மதம் தவிர.

16. ‘பணம் தரமாட்டேன், வீட்ல இருக்கற பழைய புக்ஸ் தர்றேன்’ங்கறாங்க. வேண்டாம்னு சொல்லவும் சங்கடமா இருக்கு.

சங்கடப்படாமல் ஒரு பட்டியலைக் கையில் கொடுங்கள். பழைய பாடநூல், கைடு, போட்டித் தேர்வு நூல், ஆண்டுமலர் இவற்றைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். அலமாரி நிறையும், நூலகம் நிறையாது. படம் நிறைந்த, பெரிய எழுத்தில் உள்ள, கிழியாத புத்தகங்கள் என்றால் நன்றியோடு வாங்குங்கள்.

புதிதாக வாங்கும்போது 1957 முதல் இயங்கும் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகள் மலிவு. தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், பிரதம் புக்ஸ் ஆகியோரிடம் தமிழில் நல்ல படநூல்கள் உண்டு. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் உள்ள தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளவும் உரிமம் இருக்கிறது. மாவட்டப் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது நாலைந்து பிள்ளைகளைக் கூட்டிப்போய் அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் எடுத்தால் தலைவர்கள் வரலாறும் அறநெறிக் கதைகளும்தான் வரும். பிள்ளைகள் பேய்க்கதையும் டைனோசரும் எடுப்பார்கள், எடுத்ததைப் படிப்பார்கள்.

17. டிஜிட்டல் லைப்ரரின்னா உடனே ஸ்பான்சர் பண்றோம்னு ஒரு கம்பெனி சொல்லுது. ஒத்துக்கலாமா?

தொடக்க, நடுநிலைப் பள்ளிக்கு என்றால் என் பதில்: முதலில் அச்சுப் புத்தகம். திரைக்கு மின்சாரம், இணையம், பழுதுபார்ப்பு எல்லாம் வேண்டும். மூன்றாம் ஆண்டு அதைச் சரிசெய்ய யாரும் நிதி தருவதில்லை. கிழிந்த புத்தகத்தை ஒட்டினால் போதும். மறுத்துவிடாமல், “பாதித் தொகைக்குப் புத்தகம், பாதிக்குக் கருவி, கூடவே மூன்று ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்” என்று எதிர்முன்மொழிவு கொடுங்கள். மேல்நிலைப் பள்ளியில் நிலைமை வேறு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்றவற்றைப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் நன்றாகவே பயன்படுத்துவார்கள்.

18. ‘அஞ்சு பர்சென்ட் கொடுங்க, டெல்லியில பேசி கிராண்ட் வாங்கித் தர்றேன்’னு ஒருத்தர் வந்தார்...

வாசலோடு அனுப்புங்கள். முன்பணம் கேட்கும் மானியம் மானியமே இல்லை.

19. மூணு இடத்துக்கு எழுதியாச்சு, பதிலே இல்ல. விட்டுடலாமா?

விடாதீர்கள். கடிதம் போய்ப் பதினைந்து நாள் கழித்துத் தொலைபேசியில் கேளுங்கள்: “யாரிடம் இருக்கிறது, எப்போது பார்ப்பீர்கள்?” மறுத்தால் காரணம் கேளுங்கள். பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். ‘எங்கள் பகுதி இல்லை’ என்றால் அடுத்த ஆண்டும் எழுத வேண்டாம். ‘இந்த ஆண்டு முடிந்துவிட்டது’ என்றால் பத்தாவது பதிலில் சொன்ன மாதத்தில் மறுபடி எழுதுங்கள். காத்திருக்கும் நேரத்தில் ஏழாவது பதிலில் சொன்னபடி இருப்பதை வைத்துத் தொடங்கிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நூலகத்துக்குக் கொடுக்கத்தான் எல்லோருக்கும் தைரியம் வரும்.

20. புக் தொலைஞ்சா ஆடிட்ல நான்தான் கட்டணும். அதனாலதான் பீரோவைப் பூட்டி வைக்கிறேன். இதுக்கு என்ன சொல்றீங்க?

ஒரு தலைமையாசிரியை என்னிடம் நேராகக் கேட்டது இது. அவர் பயம் உண்மையானது. அதைத் தீர்க்காமல் எத்தனை லட்சம் வந்தாலும் பூட்டு திறக்காது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல், வழங்கப்பட்டோ வாசிக்கப்பட்டோ போன ஆயிரம் நூல்களுக்கு ஆண்டில் ஐந்து தொலைவதை, நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இல்லாத வரை, இயல்பான இழப்பாக ஏற்கலாம் என்று 215-ஆவது விதி சொல்கிறது. ₹1,000-க்கு மேல் விலையுள்ள நூல், அரிய நூல் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். நூலகம் என்றால் கொஞ்சம் தொலையும் என்பதை அரசு விதியே ஒப்புக்கொள்கிறது.

அந்த விதி மத்திய அரசு அலுவலகங்களுக்கானது. நம் பள்ளிக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் நன்கொடையில் வாங்கிய புத்தகங்களுக்கு அதே போக்கில் மேலாண்மைக் குழு தீர்மானம் போடலாம். அதை விண்ணப்பத்திலும் எழுதுங்கள்: “தேய்மானம், இழப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு புத்தகம் கழிக்கப்படும்.” நன்கொடையாளர் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டால், தணிக்கையில் காட்ட ஒரு தாள் இருக்கும். மாணவரிடம் அபராதம் வாங்காதீர்கள். ஒருமுறை அபராதம் கட்டிய வீட்டில் பிள்ளையை அடுத்த முறை புத்தகம் எடுத்துவர விடமாட்டார்கள்.

21. பணம் வந்துடுச்சு, புக்கும் வாங்கியாச்சு. இனிமே என்ன கணக்குக் காட்டணும்?

பில்கள் அசலாக, பள்ளி பெயரில். ஒவ்வொரு புத்தகத்துக்கும் சேர்க்கை எண் போட்டு இருப்புப் பதிவேட்டில் ஏற்றியது. ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்குள், பணம் கேட்ட வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று. மீதிப் பணம் இருந்தால் அதை மறைக்காமல் எழுதி, என்ன செய்யலாம் என்று கேட்டு அனுமதி பெற வேண்டும். அனுமதி இல்லாமல் வேறு செலவுக்கு மாற்றினால் அந்த வாசல் அடுத்த பள்ளிக்கும் சேர்த்து மூடிவிடும்.

சான்றோடு வழங்கல் பதிவேட்டின் சுருக்கத்தையும் அனுப்புங்கள். எந்த வகுப்பு எத்தனை புத்தகம் எடுத்தது, அதிகம் எடுக்கப்பட்டது எது, தொடப்படாதது எது. தொடப்படாததையும் எழுதுங்கள், படிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும். பிள்ளைகளின் படம் அனுப்பும்போது பெற்றோர் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி சொல்லும் கடிதத்தைப் பிள்ளைகள் தங்கள் கையெழுத்தில், தாங்கள் படித்த புத்தகத்தைப் பற்றி எழுதட்டும். கரும்பலகையில் எழுதிப்போட்டு நகலெடுக்க வைக்காதீர்கள்.

22. எல்லாம் நல்லா போயிட்டிருக்கு. ஆனா அடுத்த கலந்தாய்வுல எச்.எம். மாறுதலாகிப் போறாங்க. லைப்ரரி நின்னுடுமே?

நிற்கக்கூடும். ஒருவரின் ஆர்வத்தில் தொடங்கிய நூலகம் அவரோடு போய்விடுவதைப் பல ஊர்களில் பார்க்கிறோம். அதனால்தான் பதினோராவது பதிலில் பொறுப்பை ஒரு ஆசிரியர், நான்கு மாணவர், ஒரு பெற்றோர் என்று பிரித்து எழுதச் சொன்னேன். மாறுதல் ஆணை வந்ததும் நூலகத்துக்கென ஒரு தனிக் கோப்பு தயார் செய்யுங்கள்: தீர்மானங்கள், நன்கொடைக் கடிதங்கள், பில்கள், பயன்பாட்டுச் சான்று, இருப்புப் பதிவேட்டின் கடைசிப் பக்க நகல், தொகை தந்தவர்களின் தொடர்பு எண், அடுத்த தவணை அல்லது அடுத்த விண்ணப்பத்தின் தேதி. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் நூலக இருப்பையும் அலமாரிச் சாவியையும் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

புதிய தலைமையாசிரியர் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே மேலாண்மைக் குழுத் தலைவரும் நூலகப் பொறுப்பாசிரியரும் போய்ப் பார்த்து, கால அட்டவணையில் நூலகப் பாடவேளை எந்த நாளில் இருக்கிறது என்பதைக் காட்டிவிடுங்கள். கோப்பின் நகல் ஒன்று குழுத் தலைவரிடமும் இருக்கட்டும்.